‘வருத்தம் ஒன்றும் இல்லை’: காப்புறுதிக் கோரிக்கை மறுக்கப்படும்போது

எங்கள் பேச்சில் ‘வருத்தம்’ என்றால் ஆளைப் படுக்கவைப்பது. பிறஷருக்குக் காலையில் ஒரு குளிசை, சீனிக்கு இரவில் ஒன்று, அளவெல்லாம் சரி என்றால் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. காப்புறுதிப் படிவம் கேட்பது வேறு: இதற்காக எப்போதாவது வைத்தியரைப் பார்த்தீர்களா, மருந்து எடுத்தீர்களா, பரிசோதனை செய்யச் சொன்னார்களா? குளிசையால் கட்டுப்பட்டிருந்தாலும் அதற்குப் பதில் ‘ஆம்’. இங்கே ‘இல்லை’ என்று எழுதிய குடும்பங்களுக்குத்தான் பின்னர் மறுப்புக் கடிதம் வருகிறது.

ஒன்ராறியோவின் காப்புறுதிச் சட்டம், 183ஆம் பிரிவு, விண்ணப்பிப்பவர் தமக்குத் தெரிந்த முக்கிய விபரங்கள் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்கிறது. மறைத்தால், தவறாகச் சொன்னால், நிறுவனம் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். பலர் அறியாதது ஒன்றுண்டு: மறைத்த நோய்தான் மரணத்துக்குக் காரணமாக இருக்கவேண்டும் என்பதில்லை. சலரோகத்தை மறைத்தவர் அடுத்த வருடம் வீதி விபத்தில் இறந்தாலும் கோரிக்கை மறுக்கப்படலாம்.

குடும்பத்துக்குப் பாதுகாப்பாக இருப்பது 184ஆம் பிரிவு. காப்புறுதி செய்யப்பட்டவர் உயிரோடு இருக்கையில் ஒப்பந்தம் 2 வருடம் நடைமுறையில் இருந்துவிட்டால், அதன்பின் மோசடி இருந்தால் மட்டுமே ரத்துச் செய்யலாம். கவனக் குறைவுக்கும் மோசடிக்கும் இடையில்தான் பெரிய வழக்குகள் நடக்கின்றன. கட்டுப்பணம் தவறிக் காலாவதியான காப்புறுதியைப் புதுப்பித்தால் அந்த 2 வருடம் புதிதாகத் தொடங்கும். மாதக் கட்டணம் வங்கியில் திரும்பிப் போவதை அலட்சியம் செய்பவர்கள் இதை மனதில் வைக்கட்டும்.

வீட்டுக் கடனோடு வங்கியில் எடுக்கும் காப்புறுதியில் கேள்விகள் சில மட்டுமே. கையெழுத்து வைக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் பலவற்றில் மருத்துவக் கோப்பு முழுதாகப் புரட்டப்படுவது கோரிக்கை வந்த பிறகுதான். வீட்டுக் கடன் பெரிதென்றால், மருத்துவப் பரிசோதனை செய்து முன்கூட்டியே முடிவு சொல்லும் தனி ஆயுட் காப்புறுதியே மேல் என்பது என் எண்ணம்.

ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவின் கதை இன்னொன்று. 2011 டிசம்பரில் தொடங்கிய சுப்பர் விசாவுக்குக் குறைந்தது 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதி வேண்டும். முன்பே உள்ள நோய்க்கு இது பணம் கொடுக்குமா என்பது ‘நிலையாக இருந்த காலம்’ என்ற நிபந்தனையில் தங்கியிருக்கிறது. அது 90 நாளா, 180 நாளா என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அந்தக் காலத்துக்குள் குளிசையின் அளவை மாற்றியிருந்தால், பல ஒப்பந்தங்களில் குறைத்திருந்தாலும்கூட, நோய் நிலையாக இல்லை. பயணத்துக்கு முன் வைத்தியரிடம் போய் மருந்தை ‘ஒருக்கா சரிபார்த்து’ வருவது எங்கள் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் மருந்து மாறினால் முகவருக்கு உடனே அறிவிக்கவேண்டும். கிளினிக் கொப்பியையும் மருந்துச் சீட்டுகளையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

மறுப்புக் கடிதம் வந்துவிட்டால், எந்தக் கேள்விக்கான பதில், எந்த மருத்துவக் குறிப்பு என்று எழுத்தில் கேளுங்கள். கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் பிரதியையும் கேளுங்கள். முகவரே நிரப்பிய படிவமானால் அது முக்கியம், அவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை மறக்கமுன் எழுதி வையுங்கள். 2004இன் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி குடும்ப வைத்தியரின் கோப்பைப் பெற உங்களுக்கு உரிமையுண்டு, பொதுவாக 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். ‘சந்தேகம்’ என்று வைத்தியர் எழுதியதை நிறுவனம் ‘நோய்’ என்று வாசித்திருக்கலாம். அப்படியானால் வைத்தியரின் விளக்கக் கடிதம் உதவும்.

பிறகு நிறுவனத்தின் உள் முறைப்பாட்டுப் பிரிவு. அங்கிருந்து இறுதி நிலைப்பாட்டுக் கடிதம் கிடைத்ததும் ஓ.எல்.எச்.ஐ. எனப்படும் ஆயுள், சுகாதாரக் காப்புறுதிக் குறைகேள் சேவைக்குப் போகலாம். கட்டணம் இல்லை. அதன் பரிந்துரை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. வழக்குப் போடுவதற்குக் கால எல்லை உண்டு, ஆகவே முறைப்பாடு நடக்கும்போதே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். கட்டிய பணத்தைத் திருப்பிக் காசோலை அனுப்பியிருந்தால், அவரிடம் கேட்காமல் அதை வங்கியில் போடவேண்டாம். முடிவை ஏற்றுக்கொண்டீர்கள் என்று வாதிட அது இடம் கொடுக்கும்.