பதிவேட்டைத் திருத்தியது யார்?

2010 ஆகஸ்ட் 15ஆம் திகதி யாரோ ஒருவர் இரண்டு முகவரிகளுக்குத் தலா 9,223 கோடி பிட்கொயின்களை எழுதிக்கொண்டார். மொத்தம் 18,446 கோடிக்கும் மேலே. பிட்கொயினின் விதிப்படி உலகத்தில் எந்தக் காலத்திலும் இருக்கக்கூடிய நாணயங்களே 2 கோடி 10 இலட்சம்தான். ஆனாலும் சரிபார்க்க வேண்டிய கணினிகள் எல்லாம் அதைச் சரி என்று ஏற்றுக்கொண்டன. அடுத்த நாளே அந்தப் பதிவு செல்லாமல் போயிற்று.

‘பிளொக்செயினில் எழுதினதை ஒருவராலும் மாற்ற ஏலாது’ என்று நாங்கள் கனக்கக் கேட்டிருக்கிறோம். அப்ப இது எப்படி நடந்தது? விளங்கிக்கொள்ள, கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

1991இல் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்கொட் ஸ்டோர்னெட்டா என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கேள்வியை எடுத்தார்கள். கணினியில் இருக்கும் ஓர் ஆவணம் குறித்த திகதியில் இருந்தது என்று எப்படி நிரூபிப்பது? கடதாசி என்றால் மை, கையெழுத்து, கிழிசல் என்று ஏதாவது தடயம் இருக்கும். கணினிக் கோப்பில் அப்படி ஒன்றும் இல்லை. அவர்களின் விடை ‘ஹாஷ்’. எந்த ஆவணத்தையும் ஒரு குறுகிய எழுத்துச் சரமாகச் சுருக்கும் கணக்கு அது, கைரேகை போல. ஆவணத்தில் ஒரு புள்ளி மாறினாலும் ரேகை முழுக்க மாறிவிடும். ஒவ்வொரு பதிவுக்குள்ளும் முந்தைய பதிவின் ரேகையையும் வைத்தால், நடுவில் ஒன்றை மாற்றினால் பின்னால் உள்ள எல்லாம் பிழைத்துப்போகும்.

1995 முதல் அவர்களின் நிறுவனம் அந்த ரேகையை வாரம் ஒருமுறை நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் சிறு விளம்பரமாகப் போட்டது. ஏன் பத்திரிகை? அச்சாகி அத்தனை வீடுகளுக்குப் போன பிறகு, எல்லாப் பிரதிகளையும் தேடிப்பிடித்துத் திருத்த யாராலும் முடியாது.

2008 ஒக்டோபர் 31இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வந்த ஒன்பது பக்கக் கட்டுரை இந்த ஆய்வாளர்களை மேற்கோள் காட்டியது. அது பத்திரிகை வாசகர்களின் இடத்தில் கணினிகளை வைத்தது. வங்கியில் பதிவேடு ஓர் இடத்தில் இருக்கும். பிட்கொயினில் ஒவ்வொரு கணினியிடமும் முழுப் பிரதி இருக்கும். யாராவது காசு அனுப்பினால் அந்தச் செய்தி கணினிக்குக் கணினி பரவும். ஒவ்வொன்றும் தானே பார்க்கும்: கையொப்பம் சரியா? இந்தக் காசு ஏற்கெனவே செலவாகிவிட்டதா? வந்ததைவிடக் கூடவா வெளியே போகிறது? பிழை என்றால் அடுத்தவருக்குச் சொல்லாது. சரியானவை ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ‘பிளொக்’ ஆகக் கட்டப்படும். அதைக் கட்டும் உரிமை, ஒரு கடினமான எண் புதிரை முதலில் அவிழ்க்கும் ‘மைனர்’ கணினிக்கு. அவிழ்ப்பது கடினம், விடையைச் சரிபார்ப்பது நொடி வேலை. இரண்டு சங்கிலிகள் உருவானால், கூடுதல் உழைப்பு அடங்கியதுதான் செல்லுபடியாகும்.

2009 ஜனவரி 3இல் முதல் பிளொக். அதே மாதம் 12இல் சதோஷி ஹல் ஃபின்னி என்ற நிரலாளருக்கு 10 பிட்கொயின் அனுப்பினார். அடுத்த வருடம்தான் அந்த ஆகஸ்ட் சம்பவம்.

பிழை, கூட்டல் கணக்கில் இருந்தது. இரண்டு இராட்சதத் தொகைகளையும் கூட்டியபோது, மென்பொருள் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் போதவில்லை. விடை பூச்சியத்துக்குக் கீழே புரண்டுவிட்டது. ‘வந்ததைவிடக் கூடவா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றே பதில் வந்தது. எத்தனை கணினிகள் சரிபார்த்தாலும், எல்லாவற்றிடமும் இருந்தது ஒரே பிழையான அளவுகோல்.

சில மணித்தியாலங்களில் திருத்திய மென்பொருளை சதோஷி வெளியிட்டார். மைனர்கள் 74,638ஆவது பிளொக்குக்கு முன்னால் இருந்து புதுச் சங்கிலியைக் கட்டினார்கள். அடுத்த நாள் அது பழையதை முந்தியது. பழையதில் இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட பிளொக்குகள் கைவிடப்பட்டன.

2013 மார்ச்சில் இன்னொன்று. புதிய 0.8 பதிப்பு ஏற்றுக்கொண்ட ஒரு பிளொக்கைப் பழைய 0.7 பதிப்பு நிராகரித்தது. தரவுத்தளத்தில் இருந்த ஒரு வரம்புதான் காரணம். வலையமைப்பு இரண்டாகப் பிரிந்தது. இரண்டு வரலாறுகள் ஒரே நேரத்தில் ஓடின. புதிய பதிப்பின் சங்கிலியே நீளமானது. ஆனால் பலரிடம் இருந்தது பழைய மென்பொருள். நிரலாளர்களும் பெரிய மைனர்களும் பேசி, பழையதுக்கே திரும்புவது என்று முடிவெடுத்தார்கள். அந்த மைனர்கள் தங்கள் வருமானத்தை விட்டுக்கொடுத்தார்கள். இடையில் சுமார் 10,000 டொலர் பெறுமதியான காசு இரண்டு முறை செலவாகியிருந்தது. எதைத் தடுக்க இந்தப் பொறி கட்டப்பட்டதோ, அதே விஷயம்.

ஆக, ‘மனிதரை நம்பத் தேவையில்லை’ என்ற பேச்சு முழு உண்மையில்லை. இரண்டு தடவையும் மனிதர்தான் கூடி முடிவெடுத்தார்கள். ஆனால் அதை ஒளித்துச் செய்ய அவர்களால் முடியவில்லை. பிரதி வைத்திருந்த ஒவ்வொருவரும் திருத்தத்தைப் பார்த்தார்கள். விரும்பாதவர் புது மென்பொருளைப் போடாமல் விட்டிருக்கலாம். பூட்டிய அலுமாரியில் இருக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் காணாமல் போனால், அப்படி ஒரு பக்கம் இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

வரலாற்றை வாசிக்கிற எங்களுக்கு எந்தப் பதிவேட்டிடமும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று படுகிறது: இதை மாற்றினால் யாருக்குத் தெரியவரும், யாரால் மறுக்க முடியும்? பிட்கொயினிடமும் அதைக் கேட்கலாம். முழுப் பிரதி இப்போது பல நூறு கிகாபைட். எங்கட வயதுக்காரர் பலர் ஃபோனில் ஒரு செயலியைப் போட்டு வாங்குகிறார்கள்; பிரதி அவர்களிடம் இல்லை. திரையில் தெரியும் தொகை அந்த நிறுவனம் சொல்லும் தொகை. வங்கியை நம்ப மாட்டேன் என்று கிளம்பினவர், இன்னொரு கவுண்டருக்கு முன்னால்தான் நிற்கிறார்.