தோற்ற வண்டி தந்த வெளிச்சம்

கோட்டையைக் காப்பதும் கோயிலைக் காப்பதும் வரலாற்றுத் தொண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால், நாள்தோறும் கூலிக்காரரையும் குமாஸ்தாவையும் ஏற்றி இறக்கி, தேய்ந்து, ஒருநாள் நின்றுபோன டிராம் வண்டியைக் காப்பதும் வரலாற்றுத் தொண்டாகுமா? ஆகும் என்று நம்பியவர்கள் உலகில் பலர் உண்டு. அவர்கள் கண்ட வழியில் சிங்கப்பூரின் டிராம் வரலாற்றை ஆராய்ந்தால், ஏட்டில் பெரிதாக இடம்பெறாத உண்மைகள் சில வெளிப்படும்.

பத்துப் பவுனுக்கு ஒரு வண்டி

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சவுத்தாம்டன் நகரம் தன் டிராம் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டிராம் ஆர்வலர் சிலர் அந்நகரில் கூரையில்லா மேல்தட்டுடைய பழைய வண்டி ஒன்றில் உலா சென்றனர். அவ்வண்டியும் உடைக்கப்படவிருந்தது என்பதை அறிந்தனர். தங்களுக்குள் பணம் திரட்டி 10 பவுன் விலையில் அதனை வாங்கிவிட்டனர். வண்டி கிடைத்தது, அதனை நிறுத்த இடமில்லை! அந்த முயற்சியிலிருந்து 1955இல் ஒரு சங்கம் பிறந்தது. 1959இல் டார்பிஷயரில் கிரைச் என்னும் ஊரின் பழைய சுண்ணாம்புக்கல் குழி அச்சங்கத்துக்கு இடமாயிற்று. 1964இல் அங்கே மின்சார டிராம் ஓடியது. பல நகரங்கள் கைவிட்ட வண்டிகள் இன்று அங்கே ஓடுகின்றன.

முழு வண்டியை வாங்க இயலாதவர் வேறொரு வழியை மேற்கொண்டனர். அட்டையிலும் மரத்திலும் தகட்டிலும் சிறு டிராம்களைச் செய்தனர். அத்தகையோர்க்கென 1938லேயே இங்கிலாந்தில் ஒரு சங்கம் அமைந்துவிட்டது. பதினாறில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்வது அவர்களிடையே நிலைத்த வழக்கம். 8 மீட்டர் நீளமுள்ள வண்டி அவ்வளவில் அரை மீட்டராகச் சுருங்கும்.

இது சிறுபிள்ளை விளையாட்டு அன்று. மாதிரி செய்பவன், “அக்காலத்தில் டிராம் ஓடியது” என்று பொதுவாக எழுதி நிறுத்திக்கொள்ள முடியாது. படி எத்தனை அங்குல உயரம், கண்டக்டர் எங்கே நின்றார், கூரைமேல் உள்ள கோல் எப்பக்கம் சாயும், வண்டி திரும்பி வரும்போது அக்கோலை யார் மாற்றினர் என்பனவற்றையெல்லாம் அவன் அறிந்தே தீரவேண்டும். அறியாத இடத்தில் அவன் கை நின்றுவிடும். கை நின்ற இடத்தில் ஆராய்ச்சி தொடங்கும்.

சிங்கையில் இரு முயற்சிகள்

சிங்கப்பூரில் டிராம் இருமுறை வந்தது. முதலில் வந்தது நீராவி டிராம். 1886ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் அது பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. தஞ்சோங் பகார் கப்பல் துறையையும் நகர்ப்பகுதியில் இருந்த ஜான்ஸ்டன் துறைமேடையையும் அது இணைத்தது. பின்னர் ரோச்சோர் வரை நீண்டது. ஆயினும் பத்தாண்டு நிறைவதற்குள், 1894இல், அது மறைந்தது.

அதனை வென்றது மற்றோர் இயந்திரம் அன்று; மனிதனின் கால்கள். 1880இல் சிங்கப்பூருக்கு வந்த ரிக்‌ஷா, பயணியை வீட்டு வாசலில் ஏற்றி, அவர் விரும்பிய வாசலில் இறக்கியது. தண்டவாளம் போகும் வழியில்தான் டிராம் போகும். ரிக்‌ஷா சந்து பொந்தெல்லாம் நுழையும். நிலக்கரிக்கும் தண்டவாளத்துக்கும் செலவிட்ட கம்பெனி, ஓர் ஏழையின் உடல் உழைப்போடு போட்டியிட்டுத் தோற்றது. அவ்வுழைப்பு அத்துணை மலிவாக இருந்தது என்பதே இவ்வெற்றியின் துயரமான பொருள்.

இரண்டாவதாக வந்தது மின்சார டிராம். 1905ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24ஆம் நாள் அதன் தொடக்க விழா நடந்தது. தஞ்சோங் பகார், ரோச்சோர், கேலாங் எனப் பல திசைகளில் தடங்கள் பிரிந்தன. சிராங்கூன் சாலையிலும் ஒரு தடம் சென்றது. மாட்டுக் கொட்டில்களும் மாட்டு வண்டிகளும் நிறைந்திருந்த அச்சாலையில், மாடும் இல்லாமல் புகையும் இல்லாமல் ஒரு வண்டி நகர்ந்தது. சென்னையில் வாழ்ந்துவிட்டுச் சிங்கை வந்த தமிழர்க்கு அது முற்றிலும் புதுமையாக இருந்திருக்காது. ஏனெனில், இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாளே சென்னையில் ஓடத் தொடங்கிவிட்டது. முதலில் அங்கே மின்கம்பி தரைக்கடியில் பள்ளத்தில் சென்றது. மழைநீர் புகுந்து தொல்லை தரவே, பின்னர் கம்பி தலைக்கு மேலே ஏறியது. அந்த டிராம் 1953ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12ஆம் நாள் வரை ஓடிற்று.

மெக்கன்சி சாலை மின்நிலையம்

சிங்கப்பூர் டிராமுக்கு வேண்டிய மின்சாரம் எங்கே பிறந்தது? இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் வட்டாரத்தின் ஓரத்தில், புக்கிட் தீமா சாலையை அடுத்த மெக்கன்சி சாலையில் டிராம் கம்பெனியின் மின்நிலையம் இருந்தது. தேக்காச் சந்தையிலிருந்து நடந்து செல்லும் தொலைவே அது.

நகரத் தெருக்களில் அதற்கு முன் எரிந்தவை எரிவாயு விளக்குகள். 1864 முதல் அவை தெருக்களுக்கு ஒளி தந்தன. மின்விளக்கு வேண்டுமாயின் மின்நிலையம் வேண்டும். டிராம் கம்பெனியோ வண்டி ஓட்டுவதற்காக அதனை முன்னரே அமைத்துவிட்டது. ஆதலின் நகராட்சி அக்கம்பெனியிடமிருந்தே மின்சாரத்தை மொத்தமாக வாங்கி, 1906இல் ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் சாலை, போட் கீ ஆகிய இடங்களில் மின்விளக்குகளை ஏற்றிற்று. வண்டிக்காகப் பிறந்த மின்சாரமே ஊருக்கு வெளிச்சமாயிற்று. டிராம் வரலாற்றைக் கூறுவோர் பலர் அதன் நட்டத்தைக் கூறி முடிப்பர். இந்த வரவையும் கணக்கில் எழுதினாலன்றி வரலாறு நேர்மையாகாது.

ஒரு கம்பியும் இரு கம்பியும்

மின்சார டிராமுக்கும் ரிக்‌ஷாவின் போட்டி ஓயவில்லை. போதாக்குறைக்கு, ஏழு பேர் அமரும் சிறு மோட்டார் வண்டிகள் தெருவில் திரிந்தன. இடையிடையே புகுந்து ஓடிய அவற்றைக் கொசு பஸ் என்றே மக்கள் அழைத்தனர். தண்டவாளங்கள் தேய்ந்தன. 1925இல் சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி தோன்றியது. 1926ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தண்டவாளம் தேவையில்லாத டிராலி பஸ் வந்தது. 1927ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 4ஆம் நாளோடு டிராம் நின்றது.

இங்கே மாதிரி செய்பவனின் கண் மிகவும் பயன்படும். டிராமுக்குத் தலைக்கு மேல் ஒரு கம்பி போதும். டிராலி பஸ்ஸுக்கு இரு கம்பிகள் வேண்டும். ஏன்? மின்சாரம் வந்த பிறகு திரும்பிச் செல்லவும் வழி வேண்டும். டிராமில் அது இரும்புச் சக்கரத்தின் வழியே தண்டவாளத்தில் இறங்கிச் சென்றுவிடும். டிராலி பஸ்ஸுக்கோ ரப்பர் சக்கரம். ஆகவே திரும்பும் வழியும் மேலேயே அமையவேண்டும். பழைய படம் ஒன்றில் கம்பிகளை எண்ணினாலே, அது எக்காலத்துப் படம் என்பதை ஓரளவு கணித்துவிடலாம். டிராலி பஸ்ஸும் 1962 டிசம்பரில் மறைந்தது.

தமிழ் ஏடுகளில் ஓர் இடைவெளி

சிங்கப்பூர் டிராமில் ஏறி இறங்கியவர் நினைவைக் கேட்டறிய இனி வழியில்லை. அது நின்ற ஆண்டில் பிறந்த குழந்தைக்கே இப்போது நூறு வயதை நெருங்கும். எஞ்சியவை படங்களும் ஏடுகளுமே. அவற்றுள் தமிழ் ஏடுகளின் நிலை யாது?

தமிழ் முரசு 1935இல் தோன்றியது. டிராம் நின்று எட்டு ஆண்டுகள் கழிந்தபின். ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்னரே, 1887 முதல் 1890 வரை, ‘சிங்கை நேசன்’ என்னும் தமிழ் வார இதழ் இங்கு வெளிவந்தது. அவ்விதழ் வெளிவந்த காலம் முழுவதும் நகரில் நீராவி டிராம் ஓடிக்கொண்டிருந்தது. அவ்விதழ்களைத் தேசிய நூலகம் காத்து வைத்துள்ளது. புகைவிட்டு ஓடிய அவ்வண்டியைத் தமிழர் எப்பெயரால் அழைத்தனர், ரிக்‌ஷாவுக்கு என்ன சொல் வழங்கினர், பயணத்தைப் பற்றி என்ன எழுதினர் என்னும் வினாக்களோடு அப்பக்கங்களைத் தமிழாசிரியர் புரட்டுதல் வேண்டும். கிடைக்கும் ஒவ்வொரு சொல்லும் மொழி வரலாற்றுக்கும் ஊர் வரலாற்றுக்கும் ஒருங்கே பயன்படும்.

பிற ஊர்களில் இத்தகைய ஆர்வம் தமிழர் எல்லைக்கு அருகிலேயே உண்டு. கல்கத்தாவில் 1873இல் குதிரை டிராமும், 1902இல் மின்சார டிராமும் வந்தன. அந்நகரத்தாரும் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்தாரும் 1996 முதல் ‘டிராம் யாத்திரை’ என்னும் விழாவை நடத்தி, வண்டிகளுக்கு வண்ணம் தீட்டிப் பாட்டும் கூத்துமாக ஓட்டி வந்துள்ளனர். 2024இல் மேற்கு வங்க அரசு, மரபுச் சின்னமாக ஒரு தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, எழுந்து கேட்பதற்கு அங்கே ஆள் இருந்தனர். சென்னையிலும் சிங்கையிலும் டிராம் நின்ற நாளில் அத்தகைய இயக்கம் இல்லை.

வகுப்பறையில் ஒரு டிராம்

போன வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரவேண்டும் என்பதன்று இதன் முடிவு. ஆனால் அதனை வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். அட்டை, பசை, மூங்கில் குச்சி, ஒரு முழம் கம்பி ஆகியவை போதும். ஒரு பழைய புகைப்படத்தை மாணவர் முன் வைத்து, வண்டியின் அருகே நிற்கும் மனிதனின் உயரத்தைக் கொண்டு வண்டியின் உயரத்தைக் கணக்கிடச் செய்யலாம். அதில் கணக்கு வரும். மின்சாரப் பாடம் வரும். கூலி, வாடகை, வறுமை பற்றிய பேச்சும் தானே வரும். மாதிரிக்குக் கீழே எழுதவேண்டிய விளக்கத்தைத் தமிழில் எழுதச் செய்தால், அதுவே நல்ல கட்டுரைப் பயிற்சி.

பின்னர் அம்மாணவரை மெக்கன்சி சாலைக்கும், அங்கிருந்து லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்கும் நடத்திச் செல்லலாம். 2003ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20ஆம் நாள் திறக்கப்பட்ட வடகிழக்குத் தடம் அந்நிலையத்தின் வழியே செல்கிறது. சிங்கப்பூரின் பெருவிரைவு ரயில் தடங்களுள் மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் பெற்ற முதல் தடம் அதுவே. அதற்கு முன்பு வந்த தடங்கள் தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாவது இரும்பிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. சிராங்கூன் சாலையில் முன்பு தலைக்கு மேல் சென்ற கம்பி, இன்று அதன் அருகே ரேஸ் கோர்ஸ் சாலையின் அடியில் செல்கிறது. பயணியின் கண்ணுக்கு அது தெரிவதில்லை. அட்டை டிராமுக்குக் கம்பி கட்டிய பிள்ளை மட்டும் மேடையில் நின்று, “இந்த வண்டிக்கு ஒரு கம்பி எப்படிப் போதும்?” என்று கேட்பான். விடையையும் அவனே சொல்லிவிடுவான்.