மஞ்சள் அட்டை தந்த தலைமையாசிரியர்



கால்பந்து நடுவர் காட்டும் மஞ்சள், சிவப்பு அட்டைகள் ஒரு பள்ளித் தலைமையாசிரியரின் யோசனை. இங்கிலாந்தின் கென் ஆஸ்டன்தான் அவர்.

1962 உலகக் கோப்பையில் சிலி–இத்தாலி ஆட்டத்துக்கு அவரே நடுவர். இருவரை வெளியேற்றியும் அடிதடி அடங்கவில்லை.

1966-இல் உலகக் கோப்பை நடுவர்களுக்கு அவர் பொறுப்பாளர். இங்கிலாந்துடனான ஆட்டத்தில் அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை ஜெர்மானிய நடுவர் வெளியேறச் சொன்னார். அவரோ மொழிபெயர்ப்பாளர் கேட்டு, நகர மறுத்தார். பிறகு காரில் போகும்போது சிக்னலில் நின்ற ஆஸ்டனுக்குப் பொறி தட்டியது: மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் நில். எந்த நாட்டவருக்கும் புரியும். 1970-இல் மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன.

நானும் வகுப்பில் கத்தியிருக்கிறேன். பிள்ளைகள் அடங்கவில்லை என்றுதான் கோபப்பட்டேன். புரியும்படி சொன்னேனா என்று அன்று யோசிக்கவில்லை. பொறுத்துக்கொண்டீர்கள், நன்றி.