பிறந்த மண்ணில் குடியிருக்க ஒரு விசா

கண்டிச் சீமைக்குப் பிழைக்கப் போன தமிழரின் கழுத்தில் ஒரு காலத்தில் சிறு தகர வில்லை ஒன்று கயிற்றில் கோத்துத் தொங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிய கங்காணிகள் கொடுத்த வில்லை அது. எந்த மாவட்டம் என்பதற்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். பெயருக்கு அதில் இடமில்லை. ரயில் கட்டணமும் கப்பல் கூலியும் வழிச்சோற்றுச் செலவும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் தோட்டத்தின் கணக்கில் ஏறின. தோட்டக் கணக்கில் ஏறியது பின்னர் தொழிலாளியின் கடனாக இறங்கியது.

அதற்கும் முந்தைய தலைமுறைக்கு அந்த வில்லைகூடக் கிடையாது. 1820களில் காப்பித் தோட்டங்கள் தொடங்கியபோது தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடை. காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே மடிந்தவர்களுக்குக் கணக்கு வைப்பார் இல்லை. ஆள் வந்து சேர்ந்தால் போதும், எந்த நாட்டவர் என்று எவரும் கேட்கவில்லை.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கியது. கப்பல் ஏறுமுன் மண்டபம் முகாமில் சில நாள் தங்க வேண்டும். அம்மை குத்துவார்கள், துணிமணியை மருந்திட்டு அவிப்பார்கள், நோய் இல்லை என்று கண்ட பிறகே அனுப்புவார்கள். ஒருவர் கடல் கடந்து குடியேற அரசாங்கம் வைத்த சோதனை அவ்வளவுதான்.

உள்ளே போன பிறகுதான் காகிதத்தின் பிடி இறுகியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்தக் கங்காணியையும் அவன் ஆட்களையும் விடுவிக்கிறேன் என்று தோட்டத்துத் துரை எழுதித் தரும் சீட்டு அது. ஆட்கள் கடனோடு கைமாறினார்கள். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

குடியிருப்பதற்கான முதல் சான்றிதழ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலோடு வந்தது. அதற்கு அடிப்படையான டொனமூர் அரசியலமைப்பு எல்லோருக்கும் வாக்குரிமை என்றது. ஆனால் இந்தியத் தமிழர் பலரிடம் ‘நிரந்தரமாகக் குடியமர்ந்தவர்’ என்ற சான்றிதழைக் கேட்டார்கள். ஐந்தாண்டு வாழ்ந்திருக்க வேண்டும். அதைப் பெற்றால் இந்தியர் என்ற முறையில் கிடைத்த தனிப் பாதுகாப்புகளை விட்டுக்கொடுக்க வேண்டும். கூலிக்கும் குடியிருப்புக்கும் அந்தப் பாதுகாப்பையே நம்பியிருந்தவர்கள் எப்படி விண்ணப்பிப்பார்கள்? பெரும்பாலோர் ஒதுங்கிக்கொண்டார்கள்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததைக் காட்ட வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் ஒற்றைக் காம்பராவில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதுவே பெரிய காரியம். தகப்பனுடையதற்கு எங்கே போவது?

மிச்சம் இருந்த ஒரே வழி 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம். 1946 ஜனவரிக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் மிகக் கொடியது ‘இடைவிடாமல்’ என்ற அந்த ஒரு சொல். தாய் சாகக் கிடக்கிறாள் என்று புதுக்கோட்டைக்கோ நாமக்கல்லுக்கோ போன ஒருவர் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் அத்தனை ஆண்டு உழைப்பும் கணக்கில் வராது. விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு, 1951 ஆகஸ்ட் 5 வரை. முதலில் புறக்கணிக்கச் சொன்ன இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறகு மனம் மாறியதும் விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறத்தாழ 2,37,000 மனுக்கள். அவற்றில் அடங்கியவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். பெயர்ப் பதிவு, வேலைநாள் பதிவேடான செக்ரோல், பிள்ளைகள் படித்த தோட்டப் பள்ளி என்று எதையெல்லாம் காட்ட முடியுமோ காட்டினார்கள். 1964 வரை பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

அதே காலத்தில்தான், 1949 நவம்பர் 1 அன்று, குடிவரவு குடியகல்வுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. கொழும்புச் செட்டியார் தெருவிலும் புறக்கோட்டையிலும் கடை வைத்திருந்தவர்கள் தற்காலிக வதிவு அனுமதிக்கு வரிசையில் நின்றார்கள். தவணை முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். பாட்டன் போட்ட கடைக்குப் பேரன் அனுமதி கேட்கும் நிலை. நூறாண்டுக்கு மேல் வந்துபோன கடல்வழி குற்றமாயிற்று. தோணியில் வந்தவரைக் ‘கள்ளத்தோணி’ என்றார்கள். பிறகு தோணியையே கண்ணால் கண்டிராத மலைநாட்டுப் பிள்ளைகளையும் அப்படியே ஏசினார்கள். அந்தச் சொல் பட்ட இடம் இன்னும் ஆறவில்லை.

1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக விட்டு, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். யாரைப் பற்றிய ஒப்பந்தமோ அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 15 ஆண்டில் எல்லோரையும் அனுப்பிவிடுவதாகத் திட்டம். அதுவரை அவர்கள் இலங்கையில் தங்க வசதி செய்து தரப்படும், கட்டணமில்லாத விசாவும் உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. நுவரெலியாவிலோ பதுளையிலோ பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே பெற்றோரைப் புதைத்த ஒரு பெண் தன் லயத்தில் தொடர்ந்து குடியிருக்க விசா தேவைப்பட்டது என்பதே அதன் பொருள். வேலையும் 55 வயது வரைதான், அல்லது அனுப்பும் நாள் வரைதான்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகவில்லை. டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் துறை ராமேசுவரத்துக்கு மாறியது.

‘இந்தியாவுக்கு எழுதினவர்கள்’, அதாவது இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள், கிளம்பும் நாளில் தோட்டமே ரயில் நிலையத்துக்கு வரும். இந்தியாவுக்கு எழுதிய அண்ணனும் இலங்கைக்கு எழுதிய தம்பியும் பிரிந்த இடம் அதுதான். தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. பெட்டியில் இருப்பவரும் மேடையில் நிற்பவரும் ஒரே குரலில் அழுத அழுகை அந்தப் பெயரில் இருக்கிறது. பிறகு ராமானுஜம் கப்பல், அதன்பின் மண்டபம். தாத்தாவுக்கு அம்மை குத்திய அதே முகாமில் பேரனின் குடும்ப அட்டையைச் சரிபார்த்தார்கள். கூடலூர், கோத்தகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டமா, கன்னியாகுமரி ரப்பரா, நூற்பாலையா, தொழில் கடனா என்பதை அந்த அட்டைதான் தீர்மானித்தது. அரசு இவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்றது. ஊர்க்காரர்கள் ‘சிலோன்காரங்க’ என்றார்கள்.

1984இல் இலங்கைப் போரால் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டோடு ஏறத்தாழ 84,000 பேர் இலங்கையிலேயே தங்கிப்போனார்கள். விசா முடிந்தது, கடவுச்சீட்டும் காலாவதியானது, ஆட்கள் கொழுந்து பறித்துக்கொண்டே இருந்தார்கள். 2003இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம்தான், 1964 முதல் அங்கேயே வாழ்ந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்கள் பிள்ளைகளையும் குடிமக்களாக்கியது.

இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு உயிர் பிழைக்கத் தமிழ்நாட்டுக்கு ஓடிவந்தவர்களில் மலையகத் தமிழரும் இருந்தார்கள். கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் வந்ததால் இந்தியச் சட்டம் அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்றது. முன்னோர் இந்த மண்ணிலிருந்து போனவர்களே என்று சொல்லி, திருச்சி முகாம்களைச் சேர்ந்த 65 பேர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் குடியுரிமை கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு 16 வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று 2019 ஜூனில் நீதிமன்றம் சொன்னது. முன்னோர் மண்டபம் வழியாகக் கப்பல் ஏறி ஒரு நூற்றாண்டு ஆன பிறகு, வாரிசுகள் இந்தக் கரையில் விண்ணப்பத் தாளை நிரப்ப உட்கார்ந்தார்கள்.