நிலம்பூர்த் தேக்கு

தேக்கு இலையுதிர் காட்டு மரம். இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் நாடுகளில் தானாகவே வளர்கிறது. ஆண்டில் சில மாதம் வறண்டிருக்கும், நீர் தேங்காத மண்ணே இதற்கு ஏற்றது. முறம்போல் அகன்ற இலை சொரசொரப்பாக இருக்கும். தளிரைக் கசக்கினால் விரல் சிவக்கும்.

வைரம் பாய்ந்த தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் எளிதில் அரிக்காது; வெயிலிலும் மழையிலும் அதிகம் முறுக்கிக்கொள்ளாது; அடித்த இரும்பாணியும் சட்டென்று துருப்பிடிக்காது. வீட்டுக்கு உத்தரமும் கதவும் ஆன மரம், இந்தக் குணங்களால் கப்பலுக்கும் உகந்ததாயிற்று. கேரளத்தின் பேப்பூரில் 'உரு' எனும் பாய்மரக் கப்பல்களை அதைக்கொண்டே கட்டினார்கள். நிலம்பூர்க் காட்டில் வெட்டிய மரத்தை யானைகள் ஆற்றங்கரைக்கு இழுத்து வரும். பச்சைத் தேக்கு கனமானது என்பதால் மூங்கிலோடு சேர்த்துக் கட்டிச் சாலியாற்றில் பேப்பூருக்கு மிதக்கவிட்டார்கள்.

ஐரோப்பியப் போர்களின்போது ஓக் மரத் தட்டுப்பாட்டைச் சந்தித்த பிரிட்டிஷ் கடற்படையின் பார்வை, நிலம்பூர் அடங்கிய மலபாரின் தேக்கின்மேல் விழுந்தது. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய 'திரிங்கோமலி' போர்க்கப்பல், இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் காட்சிக்கு நிற்கிறது. மரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ள கிழக்கிந்தியக் கம்பெனி 1806இல் கேப்டன் வாட்சனை வனக் காப்பாளராக்கியது. காட்டு உரிமையாளர்களும் வணிகர்களும் அந்த ஏகபோகத்தை எதிர்த்தனர். 1823இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ அதை ஒழித்தார். ஆனால் வெட்டு குறையவில்லை. பெரிய மரங்கள் அருகின.

வெட்டிய இடத்தில் நடவும் வேண்டும் என்று முனைந்தவர் மலபார்க் கலெக்டர் எச்.வி. கனோலி. 1840களின் தொடக்கத்தில் நிலம்பூரில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து விதைத்தார். தேக்கங்கொட்டையின் ஓடு கெட்டி. முதல் முயற்சிகளில் முளைப்பு சரியில்லை. நடவுப் பொறுப்பை ஏற்ற சாத்து மேனோன் என்பவர், நாற்றங்காலில் கன்று வளர்த்து, மழை தொடங்கியதும் பிடுங்கி நடும் முறையை நிலைநிறுத்தினார். நிலம்பூரின் தேக்குத் தோட்டம் இப்படி உருவானது.

1846இல் நட்ட மரங்களில் ஒரு பகுதி 'கனோலி பிளாட்' என்ற பெயரில் சாலியாற்றங்கரையில் இன்றும் காக்கப்படுகிறது. நிலம்பூரில் தேக்குக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.