பார்வை இழப்பு: காரணத்தைக் கண்டறிதலும் சிகிச்சையும்

பார்வை குறைகிறது என்று வருபவரிடம் மருத்துவர் முதலில் அறிய விரும்புவது, அது திடீரென நேர்ந்ததா, மெல்ல மெல்ல நேர்ந்ததா என்பதையே. ஒரு கண்ணிலா, இரு கண்களிலுமா, வலி உண்டா என்பன அடுத்த கேள்விகள். ஒரு கண் மங்கினால் மறு கண் ஈடுசெய்துவிடும்; நல்ல கண்ணைத் தற்செயலாகப் பொத்தும்போதுதான் பலருக்குக் குறை தெரியவருகிறது. வீட்டிலேயே கண்களை ஒவ்வொன்றாக மூடிச் சுவர் நாட்காட்டியைப் படித்துப் பாருங்கள்.

அன்றே வர வேண்டிய நிலைகள்

திடீர்ப் பார்வை இழப்பு, வலி இல்லாவிடினும், அவசர நிலையே. விழித்திரைத் தமனி அடைபட்டால் சில மணி நேரத்திற்குள் நிலையான சேதம் ஏற்படும். அவர்களுக்குப் பக்கவாத ஆபத்தும் மிகுதி. மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, புதிதாக மிதக்கும் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவது போன்ற மறைப்பு ஆகியவை விழித்திரை விலகலின் அறிகுறிகளாகலாம். கண் சிவந்து கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றினால், கண்ணின் உள் அழுத்தம் திடீரென உயர்ந்திருக்கக்கூடும். இதனுடன் தலைவலியும் வாந்தியும் வருவதால், பித்தம் என்றெண்ணி நாள் கடத்துவோர் உண்டு.

மெல்லக் குறையும் பார்வை

முதியவருக்குக் கண் மங்கினால் 'புரைதான்' என்று வீட்டாரே முடிவு செய்துவிடுகின்றனர். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து கிடையாது. அறுவை சிகிச்சை செய்து உள்விழி லென்ஸ் பொருத்த வேண்டும். புரை முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை; அன்றாட வேலைக்கு இடையூறானாலே போதும்.

ஆயினும் புரையோடு சேர்ந்து கண்நீர் அழுத்த நோயோ, நீரிழிவால் வந்த விழித்திரைப் பாதிப்போ மறைந்திருக்கலாம். இவ்விரண்டும் தொடக்கத்தில் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தருவதில்லை. அழுத்த நோயால் இழந்த பார்வை திரும்பாது. எஞ்சியதைக் காக்கவே சொட்டு மருந்து. 'மருந்து விட்டும் தெளிவு வரவில்லை' என்று அதை நிறுத்திவிடக் கூடாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருப்பின், 40 வயதைக் கடந்தவர்கள் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவு உறுதியானவுடனேயே விழித்திரைப் பரிசோதனை தேவை. பின்னர் ஆண்டுதோறும், பார்வை நன்றாக இருந்தாலும். பாதிப்பு முற்றுமாயின் லேசர் சிகிச்சையோ கண்ணுக்குள் ஊசி மருந்தோ அளிக்கப்படும்.

பரிசோதனைக்கு வரும்போது

எழுத்துப் பலகையை 6 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கச் சொல்வார்கள். சிறு துளையிட்ட அட்டை வழியே தெளிவு கூடினால், கண்ணாடி அணிவதே போதுமானதாக இருக்கலாம். கூடாவிடில் கண் அழுத்தம் அளந்து, கண்பாவையை விரியச் செய்து விழித்திரையை ஆராய்வார்கள். அதன்பின் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்குமாதலால் வண்டி ஓட்டலாகாது. துணைக்கு ஒருவருடன் வருக. பயன்படுத்தும் சொட்டு மருந்துகள் அனைத்தையும் கொண்டு வருக. மருந்துக் கடையில் தாமாக வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நெடுநாள் விடுவது கண் அழுத்தத்தை உயர்த்தும், புரையையும் உண்டாக்கும்.

சிகிச்சைக்குப் பின்னும் பார்வை போதாதவர்களுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடிகளும் நடமாட்டப் பயிற்சியும் உதவும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குரிய மதிப்பீட்டை அரசு மருத்துவமனையில் பெறலாம்.