சிலுவையும் ஒரே உலையும்

"பொறுமையா இரும்மா, ஆண்டவர் படாத பாடா?" திருமங்கலம் பக்கம் எங்கள் சேரியில் ஒரு கேத வீட்டில் சபை ஐயர் சொன்ன ஆறுதல் இது. அப்பத்தா தலையைத் தூக்கிக் கேட்டாள்: "அவரு மூணாம் நாளே எந்திரிச்சிட்டாருங்கய்யா. நாங்க எப்ப எந்திரிக்கிறது?" ஐயர் ஜெபப் புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

அப்பத்தாவின் கேள்வி புதுசல்ல. மதுரைக்கு ராபர்ட் தெ நொபிலி வந்தது 1606-ல். பிராமணச் சன்னியாசியாக வாழ்ந்து மேல்சாதியாருக்குப் போதித்தார். பூணூலும் குடுமியும் மதச் சின்னங்கள் அல்ல என்று சொல்லி 1623-ல் போப்பாண்டவரே அனுமதித்தார். ஒடுக்கப்பட்டவர்களிடம் போய்ப் பழக 1640 வாக்கில் பண்டாரசாமிகள் என்று வேறு குருக்கள் ஏற்பட்டார்கள். நொபிலியின் தமிழைப் பாராட்டுகிறவர்கள் இந்த ஏற்பாட்டை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். மோட்சம் எல்லாருக்கும் ஒண்ணு, போகிற வாசல் மட்டும் வேற!

1834-ல் வந்த அமெரிக்க மதுரை மிஷன் வேறு பாதை பிடித்தது. சபை ஊழியர்கள் சாதி பாராமல் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று 1847-ல் கறாராக நின்றது. மறுத்தவர்களை விலக்கி வைத்தது. ஞானஸ்நானத் தண்ணீரைத் தலையில் வாங்கியவர்களுக்கு அடுத்தவன் கைச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

பிறகு அரசும் தன் பங்கைச் செய்தது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து நீக்கியது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்துவத் தலித்துக்கு ஊரிலும் சாதி, கோயிலிலும் சாதி, சர்ட்டிபிகேட்டில் மட்டும் சாதி இல்லை. இதையும் சிலுவை என்று சுமக்கச் சொன்னார்கள்.

சிலுவை என்றால் என்ன? ரோமாபுரியில் அது அடிமைக்கும் கலகக்காரனுக்கும் தந்த தண்டனை. கி.மு. 71-ல் ஸ்பார்ட்டகஸின் அடிமைப் படை தோற்றபோது ஆறாயிரம் பேரைச் சாலையோரம் சிலுவையில் அறைந்தார்கள். யாரும் அதைப் பொறுமைக்கு அடையாளமாகத் தேடிப் போய்ச் சுமக்கவில்லை, ஆள்கிறவன் அறைந்தான். இயேசுவையும் அப்படித்தான். இதைச் சொல்லிவிட்டால் 'பொறுத்துக்கொள்' என்ற பிரசங்கம் நிற்காது. 1981-ல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் தொடங்கிவைத்த தலித் இறையியல் வேதனையிலிருந்தே கடவுளை அறியத் தொடங்கியது. வேதனை நல்லது என்பதற்காக அல்ல, கடவுள் அங்கே நிற்கிறார் என்பதற்காக.

மதுரையில் அதைப் பாட்டாக்கியவர் தியாபிலஸ் அப்பாவு. அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன். 2005-ல் மறைந்தார். கர்நாடக இசைக் கீர்த்தனைகளை மட்டும் பக்தி என்று நினைத்த சபைக்குள் நாட்டுப்புறப் பாட்டையும் பறையையும் பேச்சுத் தமிழையும் கொண்டுவந்தார். கடவுளைத் தாயும் தகப்பனுமாகப் பாடினார். அவர் இறையியலின் நடுவில் இருந்தது 'ஒரு உலை'. குடும்பம் பிரிந்தால் 'தனி உலை வச்சிட்டாங்க' என்போம் இல்லையா? நற்கருணை என்பது ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பது. சாதி வைத்த தனி உலையைக் கவிழ்ப்பது.

பறை விஷயம் சுலபமாக இல்லை. எங்கள் கோயிலில் வாலிபப் பையன்கள் முதல் தடவை அடித்தபோது அப்பத்தா எழுந்து வெளியே போய்விட்டாள். "ஊர்க்காரன் சாவுக்கு அடிச்சு அடிச்சு எங்கப்பன் கை வீங்கிக் கெடந்துச்சு. அத இங்கயுமாடா?" அவளுடைய கோபம் நியாயம். இழிவாகச் சுமத்திய தொழிலை விட்டொழிக்க வேண்டும் என்று போராடியவர்களும் நம்மவர்களே. விரும்பி அடிப்பதும் அடிக்க வைக்கப்படுவதும் வேறு என்று பையன்கள் சொன்னார்கள். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரே உலை வைத்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தாள். வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசி என்று பேச்சு. எங்கள் தெரு முழுக்கப் போட்டது. அதே சபையின் இன்னொரு தெருவிலிருந்து இரண்டு வீட்டுக்காரர்கள்தான் வந்தார்கள். எல்லாருக்கும் என்று வடித்த சோறு மிஞ்சிப்போனது. அப்பத்தா அதைச் சட்டியில் அள்ளித் தண்ணி ஊற்றி மூடினாள்.

"அடுத்த வாரமும் வைங்கடா" என்றாள்.